சினிமா வரலாற்று ஓரலில் என்னைக் காப்பாற்றிய ரயில் காட்சி

இத்தாலியில் சினிமா வரலாறு படிக்கப் போகிறவர்கள் ஓரலுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக இருங்கள். 30க்கு 18 எடுத்தால் பாஸ். மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த முறை வரலாம். முதல் தடவை எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நேராகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கேட்ட படம் இத்தாலிய நகைச்சுவை நடிகர் தொத்தோ நடித்த 'தொத்தோ அ கொலோரி'. 1952, இயக்கம் ஸ்தெனோ, வண்ணப் படம் என்று கடகடவென ஒப்பித்தேன். கயனெல்லோ என்ற சிற்றூரில் சகோதரி வீட்டில் ஒண்டிக்கொண்டு, மிலான் பதிப்பாளர் தன் இசையை ஏற்பார் என்று காத்திருக்கும் இசையமைப்பாளர் ஸ்கன்னகத்தியின் (தொத்தோவின் பாத்திரம்) கதையையும் சொன்னேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீங்கள் எங்கே சிரித்தீர்கள்?" என்றார். வாயடைத்துப் போனேன். சப்டைட்டிலோடு ஒரே தடவை, அதுவும் ஓட்டி ஓட்டிப் பார்த்த லட்சணம் அது.

அடுத்த முறைக்கு சப்டைட்டிலை அணைத்துவிட்டு, படுக்கை வசதி ரயில்பெட்டிக் காட்சியை மட்டும் எடுத்து வசனத்தை நோட்டில் எழுதினேன். கூடப் பயணிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் த்ரோம்பெத்தா, அதாவது சின்ன ட்ரம்பெட். மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயருக்குப் பின் 'இன்' போட்டுக் கணவர் குடும்பப் பெயரைச் சேர்ப்பது அங்கே வழக்கம். அவருடைய சகோதரி வாழ்க்கைப்பட்டது போக்கா குடும்பத்தில். போக்கா என்றால் வாய். 'த்ரோம்பெத்தா இன் போக்கா': வாயில் ட்ரம்பெட்! இதை எந்த சப்டைட்டில் கொண்டுவரும்?

பதிப்பாளர் பெயரும் அப்படித்தான். நிஜ மிலான் நிறுவனம் ரிக்கோர்தி, 'நினைவு வைத்திருக்கிறாய்' என்று காதில் விழும். படத்தில் அது திஸ்கோர்தி, 'மறந்துபோகிறாய்'.

அந்த ரயில் காட்சி முதலில் மேடை ரெவ்யூவில் (பாட்டு, நடனம், நகைச்சுவைத் துணுக்குகள் கலந்த நிகழ்ச்சி) தொத்தோவும், படத்தில் த்ரோம்பெத்தாவாக வரும் காஸ்தெல்லானியும் நடித்தது. இரவுக்கு இரவு நீண்டுகொண்டே போனதாம். ஓரலில் இங்கிருந்துதான் தொடங்கினேன். பேராசிரியரும் ரெவ்யூ பற்றியே கேட்டுக்கொண்டு போனார், வருடம் எதுவும் கேட்கவில்லை. 27 கிடைத்தது, பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம், இந்த ஓரல்கள் எல்லார் முன்னிலையிலும் நடக்கும். காலையிலேயே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். எனக்கு முன்னால் போனவரிடம் இதே படத்தில் தொத்தோ பினோக்கியோ பொம்மை போல ஆடும் காட்சி பற்றிக் கேட்டார்கள். அவர் திணறிய ஐந்து நிமிடத்தில் நான் நோட்டைப் புரட்டிவிட்டேன்.