கணக்கில் விட்டுப்போன வரி

1996 கோடையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் புரோகிராமராக இருந்தேன். அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஐபிஎம்மின் ஈஎஸ்/9000 வரிசையைச் சேர்ந்த 9021 மெயின்பிரேம், அதாவது நிறுவனத்தின் மொத்தக் கணக்கையும் சுமக்கும் பெருங்கணினி. அந்த வரிசை 1990-இல்தான் அறிமுகமானது. ஆறே ஆண்டில் அலுவலகத்தில் எல்லோரும் அதைக் 'கிழவர்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். குளிர்ந்த நீரை இடைவிடாமல் பாய்ச்சித்தான் அதன் சூட்டை ஆற்ற வேண்டும். அந்த நீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் பக்கத்து அறையில் இரவும் பகலும் உறுமும். நீர்க்குழாய் கசிந்துவிட்டால் நள்ளிரவானாலும் தொலைபேசி அலறும்.

மேலாளர் ஒருநாள் என்னை அழைத்தார். "இதையே வைத்துக்கொள்வதா, ஐபிஎம்மின் புதிய 9672 வாங்குவதா? ஐந்து ஆண்டுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றார்.

பெட்டியின் விலையில்தான் தொடங்கினேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். பழைய இயந்திரத்துக்கான கடன் அநேகமாக அடைந்துவிட்டது. போதாததற்கு, பயன்படுத்திய இயந்திரங்களை விற்கும் தரகர் ஒருவர் இன்னொரு 9021-ஐக் கிட்டத்தட்ட இனாமாகவே தருவதாகச் சொன்னார். யானையைச் சும்மா கொடுத்தால் தீனி யார் போடுவது?

தீனி என்று நான் சொல்வது மின்சாரத்தை. 9021-இல் இருந்தவை பைபோலார் என்ற பழைய வகைச் சிப்புகள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூடாத குழாய்போல மின்சாரம் அவற்றின் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். 1994-இல் வந்த 9672 சிமாஸ் (CMOS) என்ற வேறு வகைச் சிப்புகளால் ஆனது. ஒரு மின்சுற்று நிலை மாறும்போது மட்டுமே அது குறிப்பிடும்படியாக மின்சாரத்தை இழுக்கும். அதனால் சூடு குறைவு, காற்றே போதும், சில்லர் வேண்டாம். அறையை நிறைத்துக்கொண்டிருந்த இடத்தை ஓரிரு அலமாரிகள் பிடித்துக்கொள்ளும். பராமரிப்பு ஒப்பந்தமும் மலிவு. கணக்குத் தாளில் இந்த வரிகளை எல்லாம் நிரப்பியபோது புதியது எளிதாக வென்றது.

சாப்ட்வேர் வரிக்கு வந்ததும் கை தயங்கியது. அந்தக் காலத்தில் உரிமக் கட்டணம் பெரும்பாலும் பயன்பாட்டைப் பார்த்து வராது. இயந்திரத்தின் திறன் எந்தப் பிரிவில் விழுகிறதோ அந்தப் பிரிவுக்கான மாதக் கட்டணம் கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கை நிரலுக்கும் அதே சட்டம்தான். பட்டியலை முழுதாகக் கூட்டியபோது, ஐந்து ஆண்டில் சாப்ட்வேருக்குக் கட்டுவது இயந்திரத்தின் விலையைத் தாண்டிப் போயிருந்தது. இரும்பைப் பற்றிப் பேசப் போன நாங்கள் காகித ஒப்பந்தங்களைப் பற்றியே மூன்று வாரம் பேசினோம். ஒரு சாப்ட்வேர் நிறுவனம் இடமாற்றக் கட்டணம் கேட்டது. இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து ஓடும் மாதங்களுக்கு இரட்டை வாடகையும் கேட்டது. புது வீட்டுக்குக் குடிபோகிறவனிடம் பழைய வீட்டுச் சாவிக்கும் வாடகை கேட்பது போல் இருந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

இவ்வளவையும் சேர்த்த பிறகும் புதியதே மலிவாக வந்தது. கையெழுத்துப் போட்டோம்.

நான் விட்டுவிட்ட வரி ஒன்று இருந்தது. அது மாதக் கடைசி இரவில் ஓடும் பிரீமியம் கணக்கு. கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் 1970-களில் யாரோ எழுதிய நிரல். (ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது "கோபால்தான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன், யார் அவன், உன் மேலதிகாரியா என்று அப்பா கேட்டார்.) அந்த நிரல் பாலிசிகளை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒற்றை வரிசையில் படிக்கும். ஒற்றை வரிசை என்றால் ஒரே பிராசஸர்தான் அதைச் சுமக்க முடியும். 9672-இல் பிராசஸர்கள் அதிகம், மொத்தத் திறனும் எங்களுக்குப் போதுமானது. ஆனால் அந்தத் தொடக்கத் தலைமுறைகளில் தனியொரு பிராசஸரின் வேகம் பழைய பைபோலாரின் பாதியைக்கூட எட்டவில்லை. நான் மொத்தத் திறனை மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். பத்து மாட்டு வண்டிகளின் சுமையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, லாரி வேகத்தில் போகும் என்று நம்பியது போல.

சோதனை ஓட்டத்தில் அதிகாலை நான்கு மணிக்கு முடிய வேண்டிய வேலை காலை பத்தரைக்கு முடிந்தது. எட்டு மணிக்குக் கிளை அலுவலகங்கள் திறந்துவிடும். மேலாளர் கோபப்படவில்லை. "இது உங்கள் தாளில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நிரலைப் பாலிசி எண்களின்படி நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். பிரிப்பது பெரிய வேலையாக இல்லை. நான்கு துண்டுகளின் கூட்டுத்தொகையைப் பழைய ஒற்றைத் தொகையோடு பைசா பிசகாமல் பொருத்துவதுதான் உயிரை வாங்கியது. ஒரே குடும்பத்தின் இரண்டு பாலிசிகள் இரண்டு துண்டுகளில் விழுந்தால் தள்ளுபடி மாறிப்போகும். மூன்று பேர், நான்கு மாதம். அதுவரை கிழவரும் ஓடினார், சில்லரும் ஓடியது, இரட்டை வாடகையும் ஓடியது. நான் காட்டிய சேமிப்பில் முதல் ஆண்டுப் பங்கு இதிலேயே கரைந்தது.

1998-இல் ஐபிஎம் தன் ஐந்தாம் தலைமுறை சிமாஸ் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மொத்தத் திறன் 1,000 மிப்ஸைத் தாண்டியது (ஒரு மிப்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள்). தனி பிராசஸரின் வேகமும் பழைய பைபோலாரை முந்திவிட்டது. அதில் அந்தக் கோபால் நிரல் பிரிக்கப்படாமலேயே விடிவதற்குள் முடிந்திருக்கும். இரண்டு ஆண்டு பொறுத்திருக்கலாமா? சில்லரையும் மின் கட்டணத்தையும் பார்த்தால் முடியாது என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது கேட்டால், பெட்டியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம், ஆண்டைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்தோம் என்பேன்.

கிழவரைப் பழைய இரும்புக்காரர் வந்து கழற்றிப் போனார். அவருக்கு வேண்டியது உள்ளே இருந்த துளித் தங்கம் மட்டும்.

நான் அங்கிருந்து கிளம்பிப் பல ஆண்டுகள் கழித்து, அங்கேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். அதற்குப் பிறகு மூன்று இயந்திரங்கள் மாறிவிட்டனவாம். எதிலும் அந்தக் கணக்கு சில நிமிட வேலைதான். இருந்தாலும் மாதக் கடைசி இரவில் அது இன்னமும் நான்கு துண்டுகளாகவே ஓடுகிறதாம். திரும்ப ஒன்றாகச் சேர்க்க எவருக்கும் துணிச்சல் இல்லையாம்.