பென்சில்வேனியா மேல் பழி போட முடியாதவை

அதிபர் தேர்தல் முடிவு அன்று இரவே தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் தெரிய நவம்பர் முழுக்க ஆனது. குடியுரிமை வாங்கிய பிறகு நான் ஓட்டுப் போட்ட முதல் அதிபர் தேர்தல் இது. 2024 என்று பார்த்தா எனக்கு அமைய வேண்டும்!

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃபிரிமாண்ட்டில். அலமேடா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் 1958இல் படிக்க வந்த பெர்க்லியும், கமலா பிறந்த ஓக்லண்டும் இதே கவுண்டிதான். கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துக் கோவிலில் அவருக்காகப் பூஜை நடந்த படங்கள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றின. மறுநாள் காலை அந்தக் குழுக்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க இடம் இருந்தது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்று டிரம்ப்பை ஜெயிக்கவைத்த, எங்கேயோ இருக்கிற மாநிலங்களைத் திட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியா தன் கடமையைச் செய்தது, ஹாரிசுக்கு 58 சதவீதம் கொடுத்தது, நம் மேல் தப்பில்லை.

அந்த நிம்மதி பிராப் முடிவுகள் வரும்வரைதான்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே ஆட்களுக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் போதாது, சட்டங்களுக்கும் போட வேண்டும். அப்படி ஓட்டுக்கு வரும் ஒவ்வொன்றும் ஒரு பிராப் (proposition). அக்டோபரில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். கூடவே புத்தகம் மாதிரி ஒரு கையேடு. ஒவ்வொரு பிராப்புக்கும் 'ஆம்' என்றால் என்ன நடக்கும், 'இல்லை' என்றால் என்ன நடக்கும், ஆதரிப்பவர் வாதம், எதிர்ப்பவர் வாதம், அந்த வாதத்துக்கு மறுப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். இந்த முறை மாநில அளவில் மட்டும் பத்து. உறையின் பின்னால் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தால் சரி, ஸ்டாம்பு கூட வேண்டாம். விரலில் மை கிடையாது, 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஒரு ஸ்டிக்கர்.

சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஹைஸ்கூலில் படிக்கும் மகள்தான் கையேட்டைச் சத்தமாக வாசித்தாள். பிராப் 6 வந்தபோது நிறுத்தினாள். சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்க மாநில அரசியல் சட்டம் இடம் தருகிறது, அதை நீக்கலாமா என்பது கேள்வி. எதிர்வாதம் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் எதுவும் தரவில்லை என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. "அப்போ இது ஈசியா பாஸ் ஆயிடும்ல?" என்றாள். "ஆகாம எங்க போகும்" என்றேன்.

தோற்றது, 53 சதவீதம் 'இல்லை'. இந்த மாநிலத்தில் கைதிகள் காட்டுத்தீ அணைக்கக் கூடப் போகிறார்கள். சிறை வேலைகளுக்குக் கூலி பெரும்பாலும் மணிக்கு ஒரு டாலர் கூடத் தேறாது. பக்கத்து நெவாடாவில் அதே நாளில் இதே மாதிரியான கேள்வி 60 சதவீதத்தில் ஜெயித்தது. அந்த நெவாடா டிரம்ப்புக்குப் போன மாநிலம். அங்கே வாக்குச்சீட்டில் அடிமைமுறை என்று வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள், இங்கே சட்டத் தமிழ் மாதிரி ஒரு வாசகம், அதனால்தான் என்கிறார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானம் எனக்கு முழுசாக இறங்கவில்லை.

பிராப் 32 இன்னும் மோசம். குறைந்தபட்சக் கூலி இங்கே அப்போது மணிக்கு 16 டாலர், அதைப் 18 ஆக்கலாமா என்றால் மயிரிழையில் தோல்வி. மிசூரியும் அலாஸ்காவும் டிரம்ப்பையும் தேர்ந்தெடுத்து, அதே நாளில் கூலியை 15 டாலருக்கு உயர்த்தவும் ஒப்புக்கொண்டன. மிசூரி கருக்கலைப்பு உரிமையைக் கூடத் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இப்போது சொல்லுங்கள், யார் சிவப்பு (குடியரசுக் கட்சி), யார் நீலம் (டெமாக்ரட்)?

திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டும் பிராப் 36, 68 சதவீதம் வாங்கியது. ஆளுநர் நியூசம் எதிர்த்தார். அவர் கட்சிக்காரர்களான சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே மேயர்கள் ஆதரித்தார்கள். நான் 'இல்லை' போட்டேன். ஆனாலும் 'ஆம்' போட்டவர்கள் மேல் கோபம் வரவில்லை. மருந்துக்கடையில் டூத்பேஸ்ட்டைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். மணி அடித்துவிட்டுச் சாவியோடு ஆள் வரும்வரை நிற்பவருக்கு, தண்டனையைக் கூட்டிச் சிறைகள் நிரம்பி வழிந்த பழைய கதையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் கவுண்டியில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஹாரிசுக்குப் போட்டார்கள். அதே சீட்டில் சீர்திருத்தம் பேசிய மாவட்ட வழக்கறிஞர் பமீலா பிரைஸைப் பதவியிலிருந்து இறக்கியும் விட்டார்கள்.

வாடகைக் கட்டுப்பாட்டுக்கான பிராப் 33 பற்றி நண்பர் ஒருவரோடு சண்டையே வந்துவிட்டது. பேசினால் என்னைவிடப் பெரிய லிபரல். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். "நீங்க வாடகை குடுக்கறவரு, உங்களுக்கு அது நியாயம். நான் மாசாமாசம் லோன் கட்டறேன் சார்" என்றார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னதே பெரிது. 2018, 2020இல் வந்த இதே மாதிரி பிராப்களும் தோற்றன. இது மூன்றாவது.

ஜெயித்ததும் உண்டு. பள்ளிக் கட்டடங்களுக்கு 1000 கோடி டாலர், பருவநிலைப் பணிகளுக்கு இன்னொரு 1000 கோடி, இரண்டும் கடன் பத்திரங்கள். அப்புறம் பிராப் 3. 2008இல் ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்த அதே நாளில், இதே கலிஃபோர்னியா தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்தது. நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிய பிறகும் அந்த வரி அரசியல் சட்டத்தில் கிடந்தது. இப்போது 62 சதவீதத்தோடு அதை எடுத்தாயிற்று. ஒபாமா ஜெயித்த அன்று வராதது, ஹாரிஸ் தோற்ற அன்று வந்தது.

திருச்சியிலிருந்து அப்பா தினமும் கூப்பிட்டு ஒரே கேள்வி: "இன்னுமாடா எண்றாங்க?" 64 கோடி ஓட்டை ஜூன் 4 அன்று ஒரே நாளில் எண்ணிய நாட்டில் உட்கார்ந்திருப்பவர், கேட்கத்தான் செய்வார். தேர்தல் நாள் முத்திரையோடு ஒரு வாரம் கழித்து வரும் தபாலையும் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தை ஒப்பிட வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். டிசம்பர் தொடக்கத்தில்தான் கடைசி காங்கிரஸ் தொகுதி முடிவானது. மெர்செட் பக்கம், ஆடம் கிரே என்ற டெமாக்ரட் 187 வாக்கில் குடியரசுக் கட்சிக்காரரை வென்றார்.

"நூத்தி எண்பத்தேழா? அதுக்கா ஒரு மாசம்!" என்றார் அப்பா. அவருக்கு அது பொறுமையைச் சோதிக்கிற கணக்கு. எனக்கு அந்த மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்க முடிந்த ஒரே எண்.