வெடிகன் கேள்வியில் அரியர் போட்டவன் சொல்வது

நேற்று ரிசல்ட். கடற்போர் வரலாறு பேப்பர் ஒருவழியாக க்ளியர், 58. போன முறை 41.

போன முறை என்னைக் கவிழ்த்தது ஓட்டோ வெடிகன், முதல் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். வாழ்க்கையும் பணியும், 15 மார்க். படித்த கேள்விதான். ஆனால் ஹாலில் என்ன ஆனதோ, அவருடைய யு-9 நீர்மூழ்கியை நேராக ஸ்காபா ஃப்ளோ என்ற பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகத்துக்குள் அனுப்பிவிட்டேன். அது 1939-இல் குந்தர் பிரீன் என்ற இன்னொரு ஜெர்மன் கேப்டன் செய்தது, கப்பல் யு-47, போரே வேறு, இரண்டாம் உலகப் போர். நாலு பக்கம் பிரீன் கதையை வெடிகன் தலையில் கட்டிவிட்டு, நன்றாக எழுதிய திருப்தியில் வெளியே வந்து டீ வேறு குடித்தேன்.

இந்த முறை ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டேன். 1914 செப்டம்பர் 22. அன்று ராத்திரிதான் எம்டன் சென்னையில் குண்டு போட்டது. அதே நாள் காலையில் டச்சுக் கரைக்கு அப்பால் வெடிகன் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பிரிட்டிஷ் குரூஸர்களை ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கடித்தார். எம்டனை மறக்கிற சென்னைக்காரன் உண்டா? அதோடு முடிச்சுப் போட்டால் 1939 பக்கம் கை போகாது.

இறந்தவர்கள் 1,459 பேர் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு) கணக்கை எழுதுங்கள், எனக்கு மார்க் அதில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். கையில் இருந்தது ஆறே ஆறு. அபூகிருக்கு ஒன்று. கண்ணிவெடி என்று நினைத்து ஆட்களைக் காப்பாற்ற வந்து நின்ற ஹோக்குக்கு இரண்டு. கிரெஸ்ஸிக்குப் பின்பக்கக் குழாயிலிருந்து இரண்டு, அப்புறம் கடைசியாக முன்னாலிருந்து ஒன்று. முன்பக்கம் இருந்ததோ இரண்டே குழாய், அப்படியானால் நீருக்குள் இருந்தபடியே மறுபடி நிரப்பியிருக்க வேண்டும். போருக்குச் சில வாரம் முன்புதான் அதைப் பழகியிருந்தார்கள். ஹோக்கை அடித்ததும் பாரம் குறைந்து கப்பலின் மூக்கு தண்ணீருக்கு மேலே எழும்பிவிட்டது. இதைப் படமாகவே வரைந்தேன், ஸ்கேல்கூட இல்லாமல்.

மீதி இவ்வளவுதான்:
- பிறப்பு 1882, ஹெர்ஃபோர்ட். கடற்படையில் 1901.
- 1914 அக்டோபர் 15: ஹாக் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். பிறகு பூர் ல மெரிட் என்ற உயரிய ராணுவ விருது.
- 1915 மார்ச் 18: வெடிகன் யு-29 நீர்மூழ்கியில் இருந்தபோது ட்ரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதை மோதியே மூழ்கடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.
- ஹாக் வேறு, ஹோக் வேறு. என் பக்கத்து பெஞ்சுக்காரன் இதில்தான் போனான்.