பொள்ளாச்சி நார்க்கழிவில் கோத்தகிரி லெட்டூஸ்

பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள நார் ஆலைகளில், தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பின் மிஞ்சும் தவிட்டு நிறத் துகள் சிறு குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. முன்பு கொட்ட இடமின்றி எரிக்கப்பட்ட இந்த நார்க்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு நெதர்லாந்து வரை கப்பலேறுகிறது. அதில் ஒரு பகுதி நீலகிரிக்கும் ஏறி, மண்ணின்றி லெட்டூஸ் என்ற சாலட் கீரை வளர்க்கப் பயன்படுகிறது என்று அறிந்து, அது போகும் வழியிலேயே நானும் சென்றேன்.

ஆலைக் களத்தில் முதலில் கண்டது கழுவும் வேலை. மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி என்பதால், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இ.சி.) சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே இறங்கும் வரை நல்ல நீரில் அலசுகிறார்கள். ஏற்றுமதிச் சரக்கைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. இயற்கை முறைக்கு அந்த இரசாயனம் ஆகாது.

கழுவினால் மட்டும் போதாது. பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப்போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி, ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 என இறங்கும். இயற்கை விவசாயிகள் யூரியாவுக்குப் பதில் கோழி எரு இடுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியை அடைந்ததும்தான், மக்கவைக்கும் வேலையை ஏன் சமவெளியிலேயே முடிக்கிறார்கள் என்பது விளங்கியது. லெட்டூசுக்கு உகந்தது 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சி. வெயில் ஏறினால் அது பூந்தண்டு விட்டு, இலை பாலேறிக் கசந்துவிடும். ஆனால் எருவிலிருந்து வரும் அமோனியாவைச் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களோ அதே குளிரில் மந்தமாகிவிடுகின்றன. மண்ணின்றி உரக்கரைசல் ஊற்றிப் பயிர் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ்காரருக்கு இந்தக் கவலை இல்லை. இயற்கை வழியில் செல்பவருக்கு நுண்ணுயிரே சமையற்காரர். ஆகவே மக்கிய நார்க்கழிவில் மண்புழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, சில வாரங்கள் பதப்பட விட்ட பிறகே, நான் சென்ற பசுமைக்குடிலில் பைகளை நிரப்புகிறார்கள். விதை முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால், குழித்தட்டில் ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவுகிறார்கள்.

அங்கே பறித்துத் தந்த ரோமெய்ன் வகை லெட்டூஸ் இலையில் கசப்பே இல்லை. மண்ணில் வேரூன்றாத இப்பயிரை ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை விளைபொருளாக ஏற்பதில்லை. அமெரிக்காவிலோ இத்தகைய வளர்ப்புக்கும் சான்று கிடைக்கிறது. மண்ணின் வளத்தைப் பேணுவதே இயற்கை வேளாண்மை என்ற ஐரோப்பிய வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. குடில்காரர் இதில் தர்க்கம் செய்யவில்லை. சில அறுவடைகளுக்குப் பின் கட்டுத் தளர்ந்து நீரை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும் பழைய கலவையை, அவர் தம் கேரட் பாத்திகளில் கொட்டிக் கொத்திவிடுகிறார்.