முன்னறையில் ஒரு கேம் கம்பனி: திருகோணமலையிலிருந்து பிளே ஸ்டோர் வரை

திருகோணமலையில் இருந்துகொண்டே கேம் செய்து வெளியிடலாமா என்று ரியூசன் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். வெளியிடலாம். ஆனால் கேம் செய்வதைவிட அதைச் சுற்றியுள்ள வேலைகள்தான் காலத்தைத் தின்னும். எங்களுக்கு அது எப்படி நடந்தது என்று ஒருதடவை முழுதாக எழுதிவிட்டால், ஆளுக்கொரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் அனுப்பத் தேவையில்லை.

நாங்கள் என்றால் நானும் என்னோடு உயர்தரம் படித்த நண்பன் ஒருவனும். 2019 இல் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மேசை போட்டுத் தொடங்கினோம். ஆசை என்னவோ கேமில்தான். வந்த முதல் வேலை கிண்ணியாவில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பில் போடும் மென்பொருள். கடைக்கார நானா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "பில்லு தமிழில வரணும் தம்பி. கம்பி, ஆணி வாங்க வாறவருக்கு இங்கிலிசில எழுதிக் குடுத்து என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. ஆனால் பில் அடிக்கிற அந்தச் சின்ன பிரிண்டர்களுக்குள் எழுத்துகள் ஏற்கெனவே பதிந்துதான் வரும். ஆங்கிலம், ஐரோப்பிய எழுத்துகள் எல்லாம் இருக்கும், எங்களிடம் இருந்ததில் தமிழ் இல்லை. ஆகவே பில் முழுவதையும் ஒரு படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளில் உண்மையில் அச்சு விழும் அகலம் 48 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு 8 புள்ளி என்றால் மொத்தம் 384 புள்ளி. பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கினால் மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி தாளில் விழாது, "கம்பி" "கமபி" ஆகிவிடும். பெரிதாக்கினால் விலை அடுத்த வரிக்குத் தள்ளுப்படும். தடித்த புள்ளி உள்ள எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்து, பெயருக்கு ஒரு வரி, கணக்குக்கு அடுத்த வரி என்று பிரித்த பிறகுதான் நானா தலையாட்டினார். பிறகு அதே மென்பொருளைப் பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்டார்கள். இன்றுவரை எங்கள் வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது. கேம் மட்டும் செய்வோம், வேறெதுவும் தொடமாட்டோம் என்று தொடங்கியிருந்தால் இரண்டாவது வருடமே கடையைச் சாத்தியிருப்போம்.

வியாபாரப் பெயரைப் பதிவது பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் படிவம் எடுத்தோம். விதானையாரின் (கிராம சேவகரின்) உறுதிப்படுத்தல் வேண்டும், இடம் யாருடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வீட்டு உறுதி அம்மாவின் பெயரில் இருந்ததால் அம்மாவிடமே ஒரு சம்மதக் கடிதம் வாங்கினேன். "வியாபாரத்தின் தன்மை" என்ற இடத்தைப் பார்த்துவிட்டு விதானையார், "கேம் எண்டா கேம் சென்ரரோ? பள்ளிக்கூடம் கட் அடிச்சிட்டுப் பெடியள் வந்து இருக்கிற இடமோ?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "கணினி மென்பொருள் தயாரிப்பும் விற்பனையும்" என்று எழுதியதும் சரியென்று ஒப்பம் வைத்தார். இந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே கேம் முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேமுக்கு எடுத்துக்கொண்டது கிளித்தட்டு. செவ்வகமாகக் கோடு கீறி, குறுக்குக் கோடுகளில் காவல் நிற்க, நடுக்கோட்டில் கிளி என்ற காவலாள் ஓட, எதிரணி அடிபடாமல் கடந்துபோகும் அதே விளையாட்டு. போனில் விரலால் இழுத்து ஆளை ஓடவிடலாம், கிளியாக நின்றும் விளையாடலாம். 2021 இல் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், தொடங்கினோம். ஓட்டம், அடி, புள்ளிக்கணக்கு எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. அப்புறம் திரையில் தமிழ் எழுத வேண்டிய நாள் வந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழில் கேம் செய்யும் எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர் இது. கணினிகள் இப்போது பாவிக்கும் பொது எழுத்து முறையான யூனிகோட்டில் "கெ" என்பது முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னுக்கு வர வேண்டும். "கொ" என்றால் கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்குமாகப் பிரிய வேண்டும். வரிசையை இப்படி மாற்றி அடுக்க ஒரு தனி நிரல் தேவை. நாங்கள் பாவித்த யூனிட்டியின் எழுத்துக் கருவி சேமித்த வரிசையிலேயே வரைந்தது. "கொக்கு" என்று எழுதினால் ககரத்துக்குப் பின்னால் கொம்பு தனியே தொங்கியது.

தப்பிக்க எங்கள் ஊரிலேயே ஒரு வழி இருந்தது: பாமினி. அச்சகத்தில் கல்யாணக் கார்ட் அடிக்கிறவர்கள் முதல் பாடசாலை வினாத்தாள் தட்டச்சு செய்கிறவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த பழைய எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டவும் வேண்டும். ஆகவே எந்தக் கருவியிலும் பிசகாமல் தெரியும். யூனிகோட்டைப் பாமினியாக மாற்றும் ஒரு சின்ன நிரல் எழுதி ஒட்டினோம். பட்டன்கள் சரியாகிவிட்டன. ஆனால் ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும் இடமெல்லாம் இரண்டு எழுத்துரு மாற வேண்டும். யாராவது தன் பெயரைப் பாதி ஆங்கிலத்தில் எழுதினால் திரையில் வாய்க்குள் நுழையாத ஏதோ ஒன்று வரும்.

2022 பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் எப்போது வருமோ அப்போது எழும்பி வேலை செய்தோம். வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐ ஒட்டிப் போனது. டொலரில் கட்டும் சேர்வர் வாடகை ரூபாவில் ஏறக்குறைய இரட்டித்தது. கடைக்காரர்களிடம் மாதக் கட்டணத்தை ஏற்றிக் கேட்க வாய் வரவில்லை, அவர்களுக்கும் அதே நிலைதான். கேம் ஒரு ஓரத்தில் கிடந்தது.

2023 மார்ச்சில் கோடோ என்ற இலவச கேம் எஞ்சினின் 4 ஆம் பதிப்பு வந்தது. அதற்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் நிரல் சேர்ந்தே வருகிறது. நண்பன் ஒரு வெற்றுத் திரையில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்து "கொக்கு" என்று தட்டினான். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. இருந்தாலும் செய்த வேலையை விட்டுவிட்டு வேறு எஞ்சினுக்குப் போக மனம் இழுபட்டது. செப்டெம்பர் 12 அன்று யூனிட்டி, கேமைத் தரவிறக்கி நிறுவும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் அறவிடப் போவதாக அறிவித்தது. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அந்தக் கட்டணம் வந்திருக்காது, ஒரு வருடம் கழித்து அதை அவர்களே கைவிட்டும்விட்டார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வந்த கிழமையே நாங்கள் மாறிவிட்டோம். பாமினி மாற்றி நிரலை அழித்ததில் எனக்கிருந்த சந்தோசம் கேமை வெளியிட்ட அன்றுகூட இருக்கவில்லை.

2024 தொடக்கத்தில் கூகுள் பிளே கணக்குத் திறந்தோம். கட்டணம் 25 டொலர், ஒரே ஒருதடவைதான். எங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கவில்லை, கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தலையிடி பெயர். அடையாள அட்டையில் அப்பாவின் பெயரும் என் பெயரும் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தும் பெயரும் மட்டும், கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர் என்பதே வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எங்கோ இருக்கும் ஒரு கணினிக்குப் புரிய வைக்க வேண்டும். கணக்கு, கொடுப்பனவு விபரம், வங்கி எல்லாவற்றிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டல்கூட மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் பெயரை முழுதாக மாற்ற ஒரு விண்ணப்பம் போதும்.

2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு தனிநபராகத் திறந்த கணக்குகளுக்கு ஒரு விதி வந்திருந்தது. கேமைப் பொதுவில் விடுவதற்கு முன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனக் கணக்குக்கு இது இல்லை, ஆனால் அதற்கு டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள இலக்கம் எடுக்க வேண்டும். எங்களுக்கு ஆள் சேர்ப்பது சுலபமாகத் தெரிந்தது. இருபது பேர் என்ன, ஒரு சின்னத் திருவிழாவுக்கே ஆள் சேர்க்கலாம் என்றான் நண்பன்.

ஆள் கிடைத்தது, ஜிமெயில் முகவரி கிடைக்கவில்லை. போன் வாங்கிய கடையிலேயே யாரோ ஒரு பெடியன் ஐடி திறந்து கொடுத்திருப்பான், முகவரி என்னவென்று சொந்தக்காரருக்கே தெரியாது. பெரியம்மாவின் போனை வாங்கி செட்டிங்கில் தேடினால், அவருக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு பெயரும் பிறந்த வருடமும். கனடாவில் உள்ள சித்தி குடும்பம் முழுப்பேரும் உதவத் தயார், ஆனால் எல்லோரிடமும் ஐபோன். ரியூசன் பிள்ளைகள் ஓடிவந்து சேர்ந்தார்கள், கேமை முடித்த கையோடு போனில் இடமில்லை என்று அழித்துவிட்டு சோதனையிலிருந்தும் விலகினார்கள். ஆகவே இருபதோடு நிற்காமல் கூடுதலாக ஆள் சேர்த்து வைத்தோம். பாலையூற்று, உப்புவெளி, மூதூர் என்று ஒரு வட்ஸ்அப் குழுவே ஆனது.

அந்தக் குழு கேமைச் சோதித்ததைவிடக் கிளித்தட்டைப் பற்றிச் சண்டை பிடித்ததுதான் அதிகம். கிளி வெளிக்கோட்டிலும் ஓடலாமா, நடுக்கோட்டில் மட்டும்தானா என்பதில் மூதூர்க்காரர்கள் ஒரு பக்கம், பாலையூற்றுக்காரர்கள் மறுபக்கம். "அண்ணா, உங்கட கேம் பிழை. எங்கட ஊரில இப்பிடி விளையாடுறேல்ல" என்று ஒரு சின்னப் பெடியன் இரவு பதினொன்றுக்கு எழுதுவான். இன்னொரு முறைப்பாடு உண்மையிலேயே உதவியது. திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்களைப் போல சில மான்களை மைதான ஓரத்தில் மேயவிட்டிருந்தோம். பழைய 2 ஜிபி ரேம் போன்களில் மான் அசைந்தால் கிளி நின்றுவிட்டது. மானை எடுக்கச் சொன்னேன். நண்பன் மறுத்து மரங்களை எடுத்தான். அவன் செய்தது சரி, திருகோணமலை என்று தெரிய மான்தான் வேண்டும்.

இந்தச் சண்டைகளையெல்லாம் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். சோதனை முடிந்து வெளியீட்டு அனுமதி கேட்கும்போது, ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கிறது. கொப்பியைப் பார்த்தே நிரப்பினேன், அனுமதி வந்தது. அந்த வருடம் டிசெம்பரில் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

காசு வரும் வழி இன்னொரு கதை. கேம் இலவசம், வருமானம் விளம்பரத்தில். விளம்பரக் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், வீட்டு முகவரி உண்மைதானா என்று பார்க்கச் சாதாரண தபாலில் ஒரு இரகசிய எண் வரும். தபால்காரர் அதை அம்மாவிடம் கொடுத்து, "வெளிநாட்டுக் கடிதம், தம்பிக்கு வேலை கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டிருக்கிறார். எண்ணைக் கொடுத்த பிறகும் 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு அது சேர மாதக்கணக்கானது.

கணினிப் பதிப்பை இட்ச் என்ற கேம் விற்கும் இணையத்தளத்தில் போட்டோம். இணையத்தில் பணம் அனுப்பும் சேவைகளில் பேபால் இலங்கைக் கணக்குகளுக்குப் பணம் பெற விடவில்லை, ஸ்ட்ரைப் இங்கே இல்லை. ஆகவே பேயோனியர் என்ற இன்னொரு சேவை வழியாக எடுத்தோம். இப்போது கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற பெரிய தளத்துக்குத் தயாராகிறோம். ஒரு கேமுக்கு 100 டொலர் கட்ட வேண்டும், விற்பனை 1000 டொலரைத் தாண்டினால் அதைத் திருப்பித் தருவார்கள். கட்டியபின் 30 நாள் பொறுக்க வேண்டும், "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு கிழமை நிற்க வேண்டும். அமெரிக்க வரிப் படிவமும் உண்டு. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால் அங்கே விற்பதில் 30 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம்தான் பிடிப்பார்கள், ஆனால் அதற்கு நம் நாட்டு வரி இலக்கம் கையில் இருக்க வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அதை முதலே எடுத்துவிடுங்கள். எப்படியும் 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இங்கேயும் வரி உண்டு, உச்சம் 15 சதவீதம். எங்கள் கேம் கொண்டுவரும் காசு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது, இன்டர்நெட் பில்லைக் கட்டுகிறது, அவ்வளவுதான்.

ஸ்டீம் பதிப்பில் தொடக்கத் திரையிலேயே கிளி எங்கே ஓடலாம் என்ற இரண்டு விதியையும் வைத்திருக்கிறோம், விரும்பியதைத் தெரிவு செய்யலாம். எது மேலே இருக்க வேண்டும் என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை.