சுண்ணாம்புக்கல் மேட்டில் மூன்று நாள்: ஃபிஜாக்கிலிருந்து காவோர் வரை

என் மலை மிதிவண்டியின் கைப்பிடி 78 சென்டிமீட்டர் அகலம். பிரான்சின் தென்மேற்கில் கெர்சி என்று அழைக்கப்படும் வட்டாரத்தின் பழைய வண்டிப்பாதைகளில், காரை பூசாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே போகும்போது, கைப்பிடியின் இரு முனைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. மாட்டுவண்டிக்கும் கழுதைக்கும் அளந்து விட்ட இடம் அது. கடந்த மே மாதக் கடைசியில் அந்தச் சுவர்களுக்கு இடையே மூன்று நாள் மிதித்தேன். வழியில் உள்ள கோட்டைகளையும் மடாலயங்களையும் பார்ப்பதற்காகப் புறப்பட்ட எனக்கு, அவற்றை இணைக்கும் பாதைகளே அவற்றுக்கு நிகரான பழைமை உடையவை என்பது முதல் நாள் மாலைக்குள் புரிந்துவிட்டது. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

லொத், செலே என்ற இரண்டு ஆறுகள் இந்த வட்டாரத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே கிடக்கும் வறண்ட சுண்ணாம்புக்கல் பீடபூமியைப் பிரெஞ்சு மக்கள் கோஸ் என்கிறார்கள். 1999 முதல் இது வட்டார இயற்கைப் பூங்காவாகவும், 2017 முதல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காவாகவும் இருக்கிறது. ஃபிஜாக் நகரில் தொடங்கி, செலே ஆறு லொத் ஆற்றில் கலக்கும் இடம் வரை வந்து, பிறகு லொத் ஆற்றோடு காவோர் நகரை அடைவது என் திட்டம். பள்ளத்தாக்கின் சாலையிலேயே போனால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரும். நான் பலமுறை மேட்டுக்கு ஏறி இறங்கியதால் அது 130ஐத் தாண்டியது. துலூஸிலிருந்து வட்டார ரயிலில் மிதிவண்டியோடு ஏறி ஃபிஜாக்கில் இறங்குவது எளிது.

எகிப்தியச் சித்திர எழுத்துகளை 1822இல் படித்துக் காட்டிய சாம்போலியன் 1790இல் பிறந்த ஊர் ஃபிஜாக். அவர் பிறந்த வீட்டை ஒட்டி, உலகின் எழுத்துகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் அருகில், பழைய வீடுகள் சூழ்ந்த ஒரு சிறு முற்றத்தின் தரை முழுவதும், ஒரே வாசகத்தை மூன்று எழுத்து முறைகளில் தாங்கி அவருக்குத் திறவுகோலாக உதவிய ரொசெட்டா கல்லின் மாபெரும் கருங்கல் படிவம் விரிந்து கிடக்கிறது. மூன்று எழுத்து முறைகளுக்கும் மூன்று படிநிலைகள். எழுத்துகளின் மீதே நடந்து போகலாம். காலை ஏழரை மணிக்கு அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. மிதிவண்டியைத் தெருவிலேயே சாய்த்து வைத்துவிட்டுக் காலணியையும் கழற்றிவிட்டு நடந்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று அங்கே விதி ஏதும் இல்லை. எழுத்தை மிதிக்கக் கூடாது என்று வளர்ந்த கால்களுக்கு அது தேவைப்பட்டது.

நகரை விட்டு ஏறியதும் ஜி.ஆர். 65 என்ற நெடும்பாதையில் சேர்ந்தேன். தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனித யாக்கோபின் கல்லறையை நோக்கி, ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் வழி இது. லெ புய் நகரின் ஆயர் கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு அந்த யாத்திரையை மேற்கொண்டார். பாறைகளிலும் மரங்களிலும் தீட்டியிருக்கும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் நடப்போருக்கானவை. மலை மிதிவண்டிக்கான தடங்களை ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் சேர்ந்த குறி காட்டுகிறது. இரண்டும் ஒன்றாகச் செல்லும் இடங்களில் நடப்பவருக்கே முதலுரிமை. முதுகில் மூட்டையோடு ஒருவர் எதிரே வந்தால், நான் இறங்கி, வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அவர் கடந்த பிறகே ஏறினேன். பலர் வாரக்கணக்கில் நடப்பவர்கள். அவர்களுடைய அமைதியைக் கலைக்காமல் இருப்பது அந்தப் பாதையைப் பயன்படுத்துவதற்கு நாம் தரும் குறைந்தபட்ச விலை.

கிரேயாலு ஊருக்கு அருகே, அந்த யாத்திரைப் பாதையின் ஓரத்திலேயே, பெஷ்-லக்லேர் என்னும் கற்திட்டை நிற்கிறது. இரண்டு பக்கக் கற்களின் மேல் ஒரு கனத்த மூடுகல். பிரான்சிலுள்ள கொம்போஸ்தெலா வழிகள் 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது இந்தக் கற்திட்டையும் அதில் இடம்பெற்றது. கிறித்தவ யாத்திரை தொடங்குவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்தோரை அடக்கம் செய்ய எழுப்பப்பட்ட சின்னம் அது. பின்னால் வந்தவர்கள் அதை இடிக்காமல், அதன் பக்கத்திலேயே தங்கள் வழியைக் கொண்டு சென்றிருக்கிறார்கள். மேட்டின் விளிம்பில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் இடத்தில் அது இருப்பதால், வழிக்குறியாகவும் பயன்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து வடக்கே செலே பள்ளத்தாக்கை நோக்கிப் போகும் பாதைகளில்தான் சுவர்கள் நெருங்குகின்றன. சட்டென்று ஓக் மரக் காட்டுக்குள் நுழைகிறோம். ஆனால் காட்டுக்குள்ளும் சுவர்கள் தொடர்கின்றன. காட்டுக்கு எதற்கு வேலி என்ற கேள்வி நெடுநேரம் என்னோடு வந்தது. ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நின்று கேட்டேன். அவருடைய ஆடுகளின் முகம் வெள்ளை. கண்களைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வளையம். இந்த மேட்டுக்கே உரிய இனம் அது. "அது காடு இல்லை ஐயா, என் பாட்டன் காலத்தில் தோட்டம்" என்றார். "சுவர் வேலிக்காக மட்டும் கட்டியதும் இல்லை. உழும்போது வெளியே வரும் கல்லை எங்கே போடுவது? அதைத்தான் ஓரத்தில் அடுக்கினார்கள்."

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தக் காடு எனக்கு வேறாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுவரும் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தன் நிலத்திலிருந்து பொறுக்கிய கல். இடையிடையே நிற்கும் வட்டமான சிறு கற்குடில்களும், மேலே கூம்பாக எழும் அவற்றின் கூரைகளும் அதே கல்லால் ஆனவை. மரச்சட்டமோ காரையோ இல்லாமல், ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்ளே தள்ளி அடுக்கி உச்சியில் மூடியிருக்கிறார்கள். கசெல் என்றும் கரியோத் என்றும் அவற்றுக்குப் பெயர். மழைக்கு ஒதுங்கவும் கருவிகள் வைக்கவும் உதவியவை. 1870களில் திராட்சைக் கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்செரா பூச்சி இந்த வட்டாரத்துக்கு வந்து தோட்டங்களை அழித்தது. பல குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட்டன. எஞ்சியோரில் பல இளைஞர்களை 1914இல் தொடங்கிய போர் கொண்டுபோனது. சில வீடுகளே உள்ள ஊரின் நடுவிலும், அந்தப் போரில் இறந்தோரின் பெயர்களைப் பொறித்த ஒரு கல் நிற்கிறது; அதில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வருகிறது. அந்தக் கல்லைப் படித்துவிட்டுக் காட்டுக்குள் போய் அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே கதை என்று தெரிகிறது. காரில் சாலை வழியே போகிறவர் இந்தச் சுவர்களைக் காண வழியில்லை. நடப்பவர் காணலாம், ஆனால் ஒரே நாளில் பத்து ஊர்களின் சுவர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மிதிவண்டிக்கே உண்டு.

செலே கரையில் எஸ்பஞாக் என்ற சிற்றூருக்கு இறங்கும் தடம் செங்குத்தானது. உதிரிக் கற்கள் சக்கரத்துக்கு அடியில் உருண்டுகொண்டே இருந்தன. கூர்மையான ஒரு கல் என் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றியிருந்த அடைப்புத் திரவம் அந்தக் கிழிசலை மூடவில்லை. உள்ளே ஒரு துண்டு ரப்பரை ஒட்டி, டியூப் ஒன்றைப் போட்டு, இருட்டுவதற்குள் ஊரை அடைந்தேன். இங்கே வர விரும்புவோர் பக்கவாட்டில் தடித்த டயரையும், ஒரு மாற்று டியூபையும் கட்டாயம் கொண்டுவர வேண்டும். எஸ்பஞாக்கில் கன்னியர் மடமாக இருந்த கட்டடங்களுக்கு நடுவே, மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் நிரப்பிய மணிக்கூண்டு ஒன்று எழுகிறது. சுற்றிலும் கல்லே ஆளும் நாட்டில் அந்த மரக் கோபுரம் மென்மையாக இருந்தது.

இரண்டாம் நாள் மார்சிலாக்கின் பெனடிக்ட் சபை மடாலயத்தைப் பார்த்தேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் சிதைந்த அதன் முன்பாதிக்குக் கூரை இல்லை. வானத்தின் கீழ் நிற்கும், ரோமானெஸ்க் என்னும் இடைக்காலக் கட்டடப் பாணியிலான வளைவுகளைக் கடந்துதான் பின்பாதியில் இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயத்துக்குள் போக வேண்டும். அதே போரின் தடயங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் மலைமுகங்களில் தொங்குகின்றன: பாறைப் பொந்துகளின் வாயை அடைத்துக் கட்டிய சுவர்களும், அம்பு எய்யும் துளைகளும். ஊரார் இவற்றை ஆங்கிலேயர் கோட்டை என்கிறார்கள். 1360 உடன்படிக்கையில் கெர்சி ஆங்கில அரசனிடம் போனது உண்மை. ஆனால் இந்தக் குகைக் கோட்டைகளில் பல உள்ளூர்ப் பிரபுக்கள் முன்பே கட்டியவை. போரின்போது கொள்ளைப் படைகள் அவற்றைப் பிடித்துத் தங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று நண்பகலில் வடக்கு மேட்டுக்கு ஏறியபோது தண்ணீரின் அருமை தெரிந்தது. பெய்யும் மழையெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் மேலே ஓடையே இல்லை. பாறையைச் செவ்வகமாகக் குடைந்த சிறு குட்டைகள் சில காணப்படுகின்றன. சார்லமேன் பேரரசரின் படையிலிருந்து விலகித் துறவியான நம்ஃபேஸ் என்ற புனிதர் கால்நடைகளுக்காக அவற்றை வெட்டினார் என்பது மரபுக் கதை. மனிதர் குடிக்க அவை உதவா. ஊர்க் கடைகளோ பகல் உணவு நேரத்தில் மூடிவிடும். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் மிதிவண்டி ஓட்டுவோர் எல்லாரும் அறிந்த வழி, ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடுவது. பூச்செடிகளுக்கென்று அங்கே ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாததைப் பார்த்துக்கொண்டு, இரண்டு புட்டிகளை நிரப்பி, ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கப்ரரே ஊருக்கு மேலே பெஷ் மேர்ல் குகை. 1922இல் பதின்ம வயதுச் சிறுவர்கள் இருவர், ஊரின் பங்குத்தந்தை லெமோசி தந்த ஊக்கத்தால், நெடுநேரம் தவழ்ந்து உள்ளே போய் இதன் ஓவியங்களைக் கண்டார்கள். உள்ளே வருவோரின் எண்ணிக்கைக்கு நாள்தோறும் வரம்பு இருப்பதால், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வெயிலில் ஏறிவந்த உடம்புக்கு அந்தக் குளிர் உறைத்தது. ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு புள்ளிக் குதிரைகள், ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வலப்புறக் குதிரையின் தலை, பாறை இயற்கையாகவே குதிரைத் தலை போல் அமைந்த விளிம்பில் பொருந்துகிறது. அவற்றைச் சுற்றிக் கையை வைத்து நிறத்தை ஊதிப் பதித்த கை உருவங்கள். ஆய்வாளர் மிஷேல் லொர்பிளான்ஷே, வாயில் மென்ற நிறத்தைத் துப்பித் துப்பி இதே ஓவியத்தை வேறொரு பாறையில் தாமே தீட்டிப் பார்த்து, அது செய்யக்கூடியதே என்று காட்டினார். புள்ளிகள் வெறும் கற்பனை என்று பலர் கருதிவந்தார்கள். அக்காலக் குதிரைகளில் அத்தகைய புள்ளித்தோல் இருந்ததை 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. குகையின் வேறோர் இடத்தில் பழங்காலக் காலடிகள் களிமண்ணில் இறுகிக் கிடக்கின்றன. அந்த நடையும் ஒரு பாதைதான் என்று எண்ணியபோது எனக்குக் கண் கலங்கியது.

பூஸியேஸுக்கும் சேன்-சீர்-லபொப்பிக்கும் இடையே, லொத் ஆற்றை ஒட்டிய பாறையின் அடிவயிற்றைக் குடைந்து 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழி வெட்டினார்கள். ஆற்றை எதிர்த்து வரும் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்கான நடைபாதை அது. தலைக்கு மேலே பாறை கவிகிறது. ஒரு பக்கம் ஆறு. நடப்போர் நிறைந்த இடமாதலால் வண்டியை உருட்டிக்கொண்டே சென்றேன். சேன்-சீர் அழகான ஊர்தான். ஆனால் நண்பகலில் கூட்டம் மிகுதி. அங்கே அரை மணி நேரமே தங்கினேன்.

அதற்குப் பிறகு வேர் என்னும் சிற்றூரின் அருகே செங்குத்துப் பாறையில் ரோமர்கள் வெட்டிய வாய்க்காலின் எச்சம் தெரிகிறது. திவோனா என்று அன்று பெயர் பெற்றிருந்த காவோருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரைக் கொண்டுசென்ற வாய்க்கால் அது. மூன்று நாளாக ஒவ்வொரு மேட்டையும் தொடையால் அளந்தவனுக்கு, மலையின் ஒவ்வொரு மடிப்பையும் சுற்றிக்கொண்டு, சரிவை இவ்வளவு நுணுக்கமாகக் காத்து வந்த அந்த வேலையின் அருமையைச் சொல்லித் தர யாரும் தேவையில்லை.

மாலை ஆறு மணிக்குக் காவோரின் வலாந்த்ரே பாலத்தை அடைந்தேன். 1308இல் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கட்டிய பாலம். மூன்று கோபுரங்கள், ஆறு பெரிய வளைவுகள். வேலையை முடிக்கச் சைத்தானோடு ஒப்பந்தம் செய்த கொத்தனார், கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றினார் என்றும், ஆத்திரமடைந்த சைத்தான் நடுக்கோபுரத்தின் மூலைக்கல்லை இரவுதோறும் பிடுங்கிப்போட்டான் என்றும் கதை. 1879இல் பாலத்தைச் செப்பனிட்ட பொறுப்பாளர் பால் கூ, அந்தக் கல்லைப் பிடுங்க முயலும் சிறு சைத்தான் உருவத்தையே அங்கே செதுக்கி வைக்கச் செய்தார். கழுத்தை நன்றாக அண்ணாந்தால் தெரிகிறது. பாலத்தின் மறுமுனையில், வெள்ளை, சிவப்புக் கோடுகள் நேரே பாறையில் ஏறும் படிகளைக் காட்டின. யாத்திரிகர் இருவர் கோலை ஊன்றி ஏறத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் படிகளில் மிதிவண்டி ஏறாது. அவர்கள் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரயில் நிலையத்துக்குத் திரும்பினேன்.