செய்முறைத் தேர்வுக்கு எந்த பிலிம் கேமரா?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் எங்களுக்கு பிலிம் போட்டோகிராபி ஒரு செய்முறைத் தாள். கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று, 36 படங்கள். எடுத்து, நாமே டெவலப் செய்து, எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சிறிதாக அச்சிட்ட கான்டாக்ட் ஷீட்டோடு கொடுக்க வேண்டும். கேமரா அவரவர் பொறுப்பு. இந்த ஆண்டு அந்தத் தாள் எழுதப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நிக்கானா, கேனானா, பென்டாக்ஸா?" என்றுதான்.

மாதிரித் தேர்வுக்காகச் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்தார். பட்டனை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. அது 6 வோல்ட் பேட்டரி, பக்கத்துப் பெட்டிக்கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. பதினோராவது படத்தோடு அன்றைய வேலை முடிந்தது. குறை கேமராவுடையது அல்ல. மாற்று பேட்டரி எடுத்துப்போகாதது என் தவறு. ஆனால் பேட்டரி இல்லாமலும் ஷட்டர் (பிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு) இயங்குமா என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

1976-ல் வந்த கேனான் ஏஇ-1 ஷட்டருக்கும் மின்சாரம் வேண்டும். நல்ல கேமரா, அதற்கான எஃப்டி வகை லென்ஸ்களும் அருமையானவை. ஆனால் 1987-ல் கேனான் இஓஎஸ் என்ற புது வரிசையோடு புது மவுண்டுக்கு (லென்ஸை மாட்டும் அமைப்பு) மாறியது. எஃப்டி லென்ஸ் நேரடியாக இஓஎஸ் பாடியில் மாட்டாது. எங்கள் கல்லூரித் துறையில் இருக்கும் இஓஎஸ் லென்ஸும் ஏஇ-1-க்கு உதவாது. அதே 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே1000 முழுக்க இயந்திரம். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் முள்ளுக்கு மட்டும்தான். மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் போதும். ஒலிம்பஸ் ஓஎம்-1 கையடக்கமான அழகு, ஆனால் அதன் மீட்டர் பாதரச பேட்டரியை நம்பிச் செய்தது, அது இப்போது விற்பனையில் இல்லை.

கடைசியில் நான் வாங்கியது நிக்கான் எஃப்எம்2. காரணம் பாடி அல்ல, துறை அலமாரியில் இருந்த, நிக்கானின் பழைய நிக்கார் லென்ஸ்கள். இரவல் வாங்க முடிகிற லென்ஸ் எந்த மவுண்டில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் போவதுதான் மாணவர்களுக்குச் சரி என்பேன். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல் இருப்பதால் எல்லாமே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்காத லென்ஸ் எஃப்எம்2-வில் மாட்டக் கூடாது. புதிய ஜி வகை லென்ஸில், வெளிச்சம் நுழையும் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையமே இல்லை. மாட்டினால் எப்போதும் மிகச் சிறிய துளையிலேயே நிற்கும். வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

எஃப்எம்2-வின் ஷட்டர் 1/4000 நொடி வரை போகும், கே1000-இல் 1/1000 தான். நம் ஊர் உச்சி வெயிலில் இது பெரிய விஷயம். ஐஎஸ்ஓ என்பது பிலிமின் ஒளி உணர்திறன்; எஃப் எண் சிறிதானால் லென்ஸ் துளை பெரிது. 400 ஐஎஸ்ஓ பிலிமில் எஃப்/16-க்கு ஏறத்தாழ 1/500 வரும். பின்னணியை மங்கலாக்க எஃப்/5.6-க்குத் திறந்தால் 1/4000 வேண்டும். அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டுமா? வேண்டாம். 100 ஐஎஸ்ஓ பிலிம் போட்டால் அதே எஃப்/5.6-க்கு 1/1000 போதும், கே1000 தாராளமாகச் செய்யும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) என்னிடம் கேட்டதும் இந்தக் கணக்கைத்தான். இரவல் லென்ஸுக்கு வழியில்லாதவர்கள் யோசிக்காமல் கே1000 வாங்கலாம்.

கடையில் பெயரைவிட நிலைமையைப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஒரு நொடி வேகத்தில் வைத்து ஷட்டரை இயக்கிப் பாருங்கள். கதவு ஓரத்துப் பஞ்சை நகத்தால் தொடுங்கள். தார் மாதிரி கறுப்பாக ஒட்டினால் வெளிச்சம் கசியும், பஞ்சு மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். லென்ஸை செல்போன் டார்ச்சுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரப்பதத்தில் அது பரவும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கிய பிறகு நல்ல லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

அப்புறம், தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது ஒரு ரோல் முழுக்க எடுத்துக் கழுவிப் பாருங்கள். தேர்வு நாளில் பிலிம் போட்டதும், தளர்வை இழுத்துவிட்டு, லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழைக் கவனியுங்கள். அது சுழன்றால் பிலிம் நகர்கிறது. எங்கள் வகுப்பில் ஒருத்தி 36 படமும் எடுத்து முடித்தாள், குமிழ் ஒருமுறைகூடச் சுழலவில்லை. டெவலப் செய்யும் டேங்கிலிருந்து எடுத்தபோது ரோல் முழுக்கத் தெளிந்த கண்ணாடி மாதிரி இருந்தது.